வளர்ப்புப் பாம்பின் மூச்சுநோய்: கொழும்பு வீடுகளில் அதை வேளையோடு கண்டறிவது எப்படி

பாம்பால் இரும முடியாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், வளர்ப்புப் பாம்புகளின் சுவாசத் தொற்று பெரும்பாலும் முற்றிய பிறகே கண்ணில் படுவது ஏன் என்பது விளங்கிவிடும். மனிதருக்கும் நாய் பூனைகளுக்கும் மார்பறையின் அடியில் பிரிமென்றகடு என்னும் தசைத்தகடு இருக்கிறது. நுரையீரலில் சளி சேரும்போது அத்தகடும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து உந்தி அதை வெளியேற்றுகின்றன. பாம்புக்குப் பிரிமென்றகடு இல்லை. விலா என்புகளுக்கு இடையிலுள்ள தசைகளை அசைத்தே அது மூச்சை இழுத்து விடுகிறது. அதன் நுரையீரலோ உடலின் நீளவாக்கில் நீண்டு கிடக்கும் ஒரு பை. முன்பகுதியில் இரத்தக் குழாய்கள் நிறைந்து வளிமாற்றம் நடைபெற, பின்பகுதி மெல்லிய காற்றுப்பையாக முடிகிறது. அங்கே இறங்கித் தேங்கிய சளி எளிதில் மேலேறி வராது. ஊர்வனவற்றின் சீழும் நம்முடையதைப் போல நீர்த்து வழிவதில்லை. கெட்டியாகத் திரண்டு, இருந்த இடத்திலேயே அடைத்துக்கொள்கிறது.

ஆகவே, ஒருநாள் காலையில் பாம்பு வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவதைக் கண்டால், நோய் அன்றைக்குத் தொடங்கியதாக எண்ணிவிடக் கூடாது. பல நாட்களாக, சில வேளைகளில் பல வாரங்களாக, அது உள்ளே வளர்ந்திருக்கக்கூடும். காட்டில் நலிவைக் காட்டும் விலங்கு இரையாகிவிடும் என்பதால், பாம்பு தன் நோயை இயன்றவரை வெளிக்காட்டாமலே இருக்கும். அது மறைக்கும் காலத்திலேயே நாம் கண்டுகொள்ள வேண்டுமாயின், நலமாயிருக்கும்போது அதன் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுதான்.

தொடங்குமுன் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்படுபவை உரிய அனுமதிப் பத்திரங்களுடன் வளர்க்கப்படும் பால் பைத்தன் (ball python) என்னும் ஆபிரிக்கச் சிறு மலைப்பாம்பு, கோர்ன் ஸ்னேக் (corn snake) போன்ற வெளிநாட்டு இனங்கள். வெங்கிணாந்தி எனப்படும் நம் நாட்டு மலைப்பாம்பு, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட இனம். அதைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். கொழும்பு, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட நகரம். அதன் சதுப்பு நிலங்களையும் கால்வாய்களையும் அண்டிய வீடுகளுக்கு மழைக்காலத்தில் மலைப்பாம்பு வருவது புதிதன்று. அப்படி வந்தது நோயுற்றிருப்பதாகத் தோன்றினாலும், இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுத்து மருத்துவம் பார்க்க முனையாமல், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

நலமான மூச்சைப் பழகிக்கொள்ளுதல்

ஓய்வாகச் சுருண்டிருக்கும் பாம்பின் மூச்சு மிகவும் மெதுவானது. ஓர் இழுப்பு, ஒரு விடுப்பு, பிறகு நெடிய இடைவெளி. அந்த இடைவெளியில் பாம்பு மூச்சு விடுகிறதா என்றே புதியவருக்கு ஐயம் தோன்றும். கழுத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து உடலின் முன் மூன்றிலொரு பகுதிவரை பக்கங்கள் மெல்ல விரிந்து சுருங்குவதைக் கூர்ந்து பார்த்தால் அந்த ஒழுங்கு கண்ணுக்குப் பிடிபடும். பெட்டியைத் திறக்காமல், விளக்கை அடிக்காமல், சற்றுத் தொலைவில் அமர்ந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரை உண்டு இரண்டொரு நாள் கழிந்த பின்னும், சட்டை கழற்றாத காலத்திலும், ஒரே வேளையிலும் எண்ணுவது நல்லது. ஏனெனில் இரை செரிக்கும்போதும், வெப்பம் கூடும்போதும், கையில் எடுத்தவுடனும் மூச்சு விரைவுபடும். புத்தகத்தில் உள்ள எண்ணைவிட உங்கள் பாம்பின் சொந்த எண்ணே பயன்தரும்.

செவியாலும் பழக வேண்டும். அமைதியான பாம்பு என்றால், இரவில் வீதி இரைச்சல் அடங்கிய பிறகு, அதை ஓர் உலர்ந்த பிளாஸ்டிக் பெட்டியில் சிறிது நேரம் வைத்து, காற்றுத் துளைகளின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். நலமான பாம்பின் மூச்சில் பெரும்பாலும் ஓசையே இராது. காலி வீதியை ஒட்டிய தொடர்மாடிகளில் இருப்போருக்கு அத்தகைய அமைதி நள்ளிரவுக்குப் பின்னரே கிடைக்கும் என்பதை அறிவேன். ஆயினும் ஓரிருமுறையாவது அப்படிக் கேட்டு வைத்தவருக்கே, பின்னொரு நாள் எழும் மெல்லிய வெடிப்பொலி புதிதாகப் படும்.

நிறையும் குறிக்கப்பட வேண்டும். கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்றே போதும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, மலம் கழித்த பின்னும் இரை கொடுக்கும் முன்னும் நிறுத்து, இரை உண்ட நாள், மறுத்த நாள், சட்டை கழற்றிய நாள் ஆகியவற்றோடு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அந்தக் கொப்பி உங்கள் நினைவைவிட நம்பகமாகப் பேசும்.

நோயல்லாதவை

அறிகுறிகளைச் சொல்வதற்கு முன், அறிகுறி போலத் தோன்றி ஏமாற்றுபவற்றைச் சொல்வது முறை. அச்சத்தால் தேவையற்ற மருந்து பெற்ற பாம்புகளும் உண்டு.

சட்டை கழற்றும் காலம் நெருங்கும்போது கண்கள் பால்நிறமாகி, தோல் மங்கி, மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள பழைய தோல் தளரும். அப்போது மூச்சோடு மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலி வரலாம். சட்டை முழுவதுமாகக் கழன்றதும் அது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையெனில், முதலில் மூக்குத் துளையில் தோல்துண்டு எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நோயை ஐயுறுங்கள். இரை விழுங்கிய பின் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவது, தாடைகளைப் பழைய இடத்தில் பொருத்திக்கொள்வதற்காக. ஓரிரு தடவையோடு அது முடிந்துவிடும். தண்ணீர் குடித்த உடனே வாயோரத்தில் தெரியும் ஈரமும், அச்சத்தால் எழும் சீறலும் இயல்பே. பால் பைத்தன் இனப்பெருக்கக் காலத்தில் பல வாரங்கள், ஏன், மாதங்கள்கூட இரையை மறுக்கும். நிறை குறையாமல் சுறுசுறுப்போடு இருக்குமாயின் பசியின்மையை மட்டும் வைத்து நோயென்று முடிவு செய்யலாகாது. கோர்ன் ஸ்னேக் காரணமின்றி நீண்டநாள் மறுப்பது குறைவு. அது மறுத்தால் சற்று விழிப்பாகவே இருக்க வேண்டும்.

பாம்பு பெட்டியின் சுவரில் சாய்ந்து தலையை உயர்த்தி உலாவுவதையும் சிலர் கண்டு பயப்படுகின்றனர். நாக்கை நீட்டியபடி, தலையை அங்குமிங்கும் திருப்பி, நோக்கத்தோடு அசைந்தால் அது ஆராய்ச்சி, அவ்வளவுதான்.

நோயின் படிகள்

தொடக்கத்தில் காணப்படுபவை மிகச் சிறியவை. வழமையாக இரவில் வெளிவரும் பாம்பு மறைவிடத்திலேயே கிடக்கும். அல்லது, அதற்கு நேர்மாறாக, எப்போதும் குளிர்ந்த பக்கத்தை விரும்பியது வெப்பமான பக்கத்தை விட்டு அகலாமல் இருக்கும். உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க இயலாத விலங்கு, நோய்க்கிருமியை எதிர்ப்பதற்காக வெப்பத்தைத் தேடிச் செல்வது அதன் இயற்கையான காய்ச்சல் எனலாம். நாக்கு நீட்டுவது குறையும். நீங்கள் குறித்து வைத்த மூச்சு எண்ணிக்கை, அதே வேளையில் அதே நிலையில், கூடியிருக்கும். கீழ்த்தாடைக்கு அடியிலுள்ள தொண்டைப் பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்து அடங்கும். இவற்றில் ஒன்று தனியாக ஒருநாள் தென்பட்டால் பொருட்டில்லை. இரண்டு மூன்று சேர்ந்து சில நாட்கள் நீடித்தால், அதை வெறும் சோம்பல் என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்த படியில் ஒலி வரும். இங்கே ஒலியின் இயல்பைப் பிரித்தறிவது முக்கியம். மூக்கு நுனியில் எழும் ஒரே சீரான மெல்லிய சீழ்க்கை பெரும்பாலும் தோல்துண்டாலோ தூசியாலோ வருவது. தொண்டையிலிருந்தோ அதற்கும் பின்னாலிருந்தோ ‘டிக், டிக்’ என்றும், நுரைக்குமிழி உடைவது போன்றும், ஈரமாகக் கரகரப்பாகவும் வருவது காற்றுப்பாதையில் சளி இருப்பதன் ஒலி. உடலைக் கையில் தாங்கியிருக்கும்போது விலாப்பகுதியில் அந்த அதிர்வை விரலாலும் உணரக்கூடும். இந்த ஈர ஒலி கேட்ட நாளே மருத்துவரைத் தொடர்பு கொள்ள வேண்டிய நாள் என்பது என் திடமான கருத்து. அடுத்த சட்டை கழற்றல்வரை பொறுத்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதே மிகுதியான இழப்புக்குக் காரணமாகிறது.

அதன் பின்னர் சளி வெளியே தெரியும். மூக்குத் துளைகளில் குமிழிகள், உலர்ந்து ஒட்டிய பொருக்கு, வாயோரத்தில் நூல் போல இழுபடும் எச்சில், கண்ணாடியிலும் தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பிலும் வழுவழுப்பான பூச்சு ஆகியவற்றைத் தேடுங்கள். பாம்பு ஏதும் செய்யாமல் அமர்ந்திருக்கையில் வாய் சற்றே திறந்து திறந்து மூடுவதும் இக்கட்டத்தில்தான் தொடங்குகிறது.

முற்றிய நிலையில் பாம்பு தலையையும் கழுத்தையும் மேல்நோக்கி நீட்டிப் பிடித்தபடி, ஏதேனும் ஒன்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தலையைத் தாழ்த்தினால் சளி மூச்சுத்துளையை அடைக்கும் என்பதால் அது அந்த நிலையைத் தேர்கிறது. வாய்க்குள் சாம்பல் அல்லது நீலம் கலந்த நிறம் தோன்றினால் பிராணவாயு போதாமல் திணறுகிறது என்று பொருள். இந்த நிலையில் மறுநாள் காலைவரை காத்திருத்தல் ஆபத்தானது. தலையை வானோக்கித் திருப்பியபடி, உடல் முறுக்கி, கவிழ்த்து விட்டால் நிமிர முடியாமல் தடுமாறினால், அது மூளையையும் நரம்பையும் தாக்கும் வேறு நோயாகவும் இருக்கலாம்; அதுவும் உடனே காட்டப்பட வேண்டியதே.

வாய்க்குள் பார்ப்பது பயனுள்ளது, ஆனால் பழகாதவர் வலிந்து திறக்க வேண்டாம். தாடை என்புகள் மெல்லியவை. பற்கள் முறிந்தால் வாய்ப்புண்ணாகி, அதிலிருந்தே கிருமி நுரையீரலுக்கு இறங்கும். கொட்டாவி விடும்போதோ, ஒருவர் உடலைத் தாங்க மற்றவர் மென்மையான பிளாஸ்டிக் அட்டையால் உதட்டோரத்தை மெல்ல விலக்கியோ பார்த்தால் போதும். நலமான வாய் வெளிர் இளஞ்சிவப்பாக, சிறிதே ஈரமாக இருக்கும். கீழ்த்தாடையின் நடுவில், நாக்குறைக்கு மேலே, திறந்து மூடும் சிறிய குழாய்முனையே மூச்சுத்துளை. அது திறக்கும்போது உள்ளிருந்து நுரையோ மஞ்சள் நிறக் கட்டியோ தெரிந்தாலும், வாயெங்கும் செம்புள்ளிகள் இருந்தாலும், ஈறு வீங்கியிருந்தாலும் ஐயத்துக்கு இடமில்லை.

கொழும்பு வீட்டில் நோய் எங்கிருந்து வருகிறது

வெளிநாட்டவர் எழுதிய வழிகாட்டிகள் குளிரையும் வறட்சியையும் பற்றியே மிகுதியாகப் பேசும். நம் நிலை வேறு. கொழும்பின் பகல் வெப்பம் பெரும்பாலான நாட்களில் 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பால் பைத்தனுக்கு வெப்பமான பக்கம் 31 முதல் 33 பாகையும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகையும் இருந்தால் நலம் என்பதால், இந்த ஊரில் வெப்பமூட்டியே வேண்டாம் என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். பகலுக்கு அந்த முடிவு பொருந்தலாம். இரவுக்குப் பொருந்தாது. குடும்பம் உறங்கும் அறையிலேயே பாம்புப் பெட்டியும் இருந்து, குளிரூட்டி 22 பாகையில் விடியும்வரை ஓடுமாயின், அந்தப் பெட்டிக்குள் பாம்பு ஒதுங்கிச் சூடேற ஓரிடமும் இல்லை. குளிர்ந்த உடலில் நோயெதிர்ப்பு மந்தமாகிறது. மூச்சுப்பாதையைத் துடைத்துச் சளியை மேலேற்றும் நுண்மயிர்களின் அசைவும் தளர்கிறது. காலையில் குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்ததும் வெளியிலுள்ள ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிகிறது. ஒவ்வொரு நாளும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பாம்பு, ஒருநாள் நோயில் விழுவதில் வியப்பில்லை. ஆகவே பெட்டியைக் குளிரூட்டி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். இயலாதெனில், தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்திய வெப்பப்பாய் ஒன்றைப் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் வைத்து, மற்றப் பாதியை அதன் போக்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப்பாய் வயிற்றைச் சுட்டுவிடும்; அதை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

ஈரப்பதன் அடுத்த சிக்கல். நகரின் வெளிக்காற்றில் ஈரப்பதன் பல நாட்களில் 80 வீதத்தை ஒட்டி இருக்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும்போதும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையிலும் அது இன்னும் ஏறும். பால் பைத்தனுக்கு 50 முதல் 60 வீதமும், சட்டை கழற்றும்போது சற்றுக் கூடுதலும் போதுமானது. கோர்ன் ஸ்னேக்குக்கு அதிலும் குறைவே ஏற்றது. இந்நிலையில், எங்கோ ஒரு குளிர்நாட்டு வழிகாட்டியைப் பின்பற்றி நாளும் நீர் தெளிப்பது பொருத்தமற்றது. ஈரமும் அசையாக் காற்றும் ஒன்றுசேரும்போது பங்கசும் பற்றீரியாவும் பெருகுகின்றன. தும்புத்தூள் நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் நல்ல படுக்கைதான். ஆனால் அதைக் கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, அடியில் கறுத்திருக்கக் கூடாது, பூஞ்சண மணம் வரக் கூடாது. பெட்டியின் இரு எதிர்ப்பக்கங்களில் காற்றுத் துளைகள் இருப்பின் காற்று ஊடுருவிச் செல்லும். மேலே மட்டும் துளையிட்ட பெட்டியில் அடிக்காற்று தேங்கும். ஈரமூட்டிய பாசியை ஒரு சிறு மறைவுப் பெட்டிக்குள் மட்டும் வைத்தால், சட்டை கழற்றத் தேவையான ஈரத்தைப் பாம்பு வேண்டும்போது தானே தேடிக்கொள்ளும்.

வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள்; மூடியில் ஒட்டிய கருவி பாம்பின் நிலையைச் சொல்லாது. குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைத்திருக்கும் மின்னணுக் கருவி என்றால், அதிகாலை 4 மணிக்கு என்ன நடந்தது என்பதைக் காலையில் பார்க்கலாம்.

புகையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நுளம்புச்சுருள், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான் ஆகிய அனைத்தும் நீண்ட நுரையீரலில் தங்கி உறுத்துபவை. டெங்குத் தடுப்புக்காகத் தெருவில் பூச்சிகொல்லிப் புகை அடிக்க வருவதாகத் தெரிந்தால், சன்னல்களை அடைத்து, பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, புகை முற்றாகக் கலைந்த பின்னரே திரும்பக் கொண்டுவாருங்கள். சாமியறையும் பாம்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். காரணம் விளங்கினால் அவர்களே காத்துக்கொள்வார்கள்.

மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் அனைவரும் அனுபவித்தோம். மழையிரவில் மின்சாரம் போனால், மூடியில் துளையிட்ட ரெஜிபோம் பெட்டிக்குள், துணியால் நன்கு சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றை ஒரு மூலையில் வைத்து, துணிப்பையில் இட்ட பாம்பை அதைத் தொடாத தூரத்தில் வைத்தால் பல மணிநேரம் சூடு தங்கும்.

கிருமிகள்

மேற்சொன்ன குறைபாடுகள் வாசலைத் திறக்க, உள்ளே புகுபவை பலவகை. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பற்றீரியாக்கள் பெரும்பாலும் பாம்பின் வாயிலும் சுற்றுப்புறத்திலும் ஏற்கெனவே இருப்பவை. உடல் தளரும்போது நுரையீரலைத் தாக்குகின்றன. இரத்தம் குடிக்கும் பாம்புச் சிற்றுண்ணிகள் உடலை நலிவித்து, கிருமியையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகின்றன. தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் மிளகுத்தூள் அளவு கறும்புள்ளிகள் கிடந்தால் அவை இருப்பதாகக் கொள்ளலாம். ராப்டியாஸ் என்னும் நுரையீரற் புழுவும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். அதன் குடம்பிகளை மலப் பரிசோதனையில் காணலாம்.

வைரசுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சூட்டையும் சுத்தத்தையும் எவ்வளவு பேணினாலும் இவை வரக்கூடும். 1972இல் சுவிற்சர்லாந்தின் பாம்புப் பண்ணை ஒன்றில் விரியன் இனப் பாம்புகள் மூச்சுநோயால் மடிந்தபோது முதன்முதலாக அறியப்பட்டது, இன்று ஃபெர்லாவைரஸ் எனப்படும் குழு. 2014இல் மலைப்பாம்புகளின் நுரையீரல் அழற்சியோடு தொடர்புபட்ட புதிய நிடோவைரஸ்களை ஆய்வாளர் விவரித்தனர். 2018இல் வெளியான ஆய்வில், நலமான பால் பைத்தன்களுக்கு அவ்வைரசைச் செலுத்தியபோது அதே நோய் உண்டாவது உறுதியாயிற்று. செர்பெண்டோவைரஸ் என்றும் இதைக் குறிப்பர். வாய்க்குள் சிவத்தல், மிகுந்த சளி, பிறகு திறந்த வாய்மூச்சு என்று அது முன்னேறும். வெளியில் நோய் தெரியாமல் வைரசைச் சுமக்கும் பாம்புகளும் உண்டு. இதற்கு நேரடி மருந்து இல்லை. வாய்த் துடைப்பு மாதிரியைப் பிசிஆர் பரிசோதனைக்கு உட்படுத்தியே கண்டறிய முடியும். எனவேதான் புதிதாக வரும் பாம்பை வேறொரு அறையில், வேறு பாத்திரங்களோடு, குறைந்தது மூன்று மாதமாவது தனித்து வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். இடமில்லாத தொடர்மாடியில் இது கடினம் என்பது உண்மை; தனித்து வைக்க இடம் கிடைக்கும்வரை இரண்டாவது பாம்பை வாங்காதிருப்பதே பொறுப்பான செயல்.

ஐயம் எழுந்த அன்று செய்ய வேண்டியவை

முதலில் கைப்பேசியில் ஒளிப்படமும் ஒலியும் சேர்ந்த காணொளி எடுங்கள். மருத்துவரின் மேசையில் பாம்பு அச்சத்தால் மூச்சை அடக்கிக்கொள்ளும். வீட்டில் கேட்ட ஒலி அங்கே கேட்காது போகலாம். அடுத்து, வெப்பமான பக்கத்தை அந்த இனத்துக்குரிய நல்ல வெப்ப எல்லையின் மேற்பகுதியில், பால் பைத்தனாயின் 32 பாகையை ஒட்டி, இரவு பகலாக நிலைநிறுத்துங்கள். குளிர்ந்த பக்கமும் 26 பாகைக்குக் கீழே போகாதிருக்கட்டும். தும்புத்தூளை அகற்றிப் பழைய பத்திரிகைத்தாளை விரியுங்கள்; ஈரம் குறைவதோடு, சளித் துளியும் மலமும் உடனே கண்ணில் படும். குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இரை கொடுக்க வேண்டாம். மூச்சுத் திணறும் பாம்பு விழுங்கும்போது மேலும் திணறும், கக்கினால் அது நுரையீரலுக்குள் இறங்கவும்கூடும். கையில் எடுப்பதையும் தேவைக்கு மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் சளிக்கு உடனே நினைவுக்கு வருபவை கொத்தமல்லிக் குடிநீர், ஆவி பிடித்தல், தைலம். மனிதருக்கு இதமான இவற்றில் ஒன்றையும் பாம்புக்குச் செய்யாதீர்கள். தைலத்தின் ஆவி அதன் மூச்சுப்பாதையைப் புண்ணாக்கும். சூடான நீராவி சுட்டுவிடும். வாயில் ஊற்றும் எந்தத் திரவமும் நாக்கருகில் திறந்திருக்கும் மூச்சுத்துளைக்குள் நேரே இறங்கிவிடும். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கரைத்துக் கொடுப்பதும் அப்படியே தீங்கு: பாம்பைத் தாக்கும் கிருமிகள் பெரும்பாலும் அதற்கு அடங்குவதில்லை, பின்னர் எடுக்கப்படும் சளி மாதிரியில் கிருமியை வளர்த்துக் கண்டறிவதையும் அது கெடுத்துவிடும்.

மருத்துவரிடம்

கொழும்பில் நாய் பூனைகளுக்கான மிருக வைத்தியசாலைகள் பல உண்டு. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவர் எல்லா இடத்திலும் இரார். ஆகையால் பாம்பு நலமாக இருக்கும் காலத்திலேயே தொலைபேசியில் விசாரித்து, யார் பார்ப்பார், எந்த நாட்களில் பார்ப்பார் என்று தெரிந்து வைத்திருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்குரிய போதனா வைத்தியசாலையையும் நினைவில் வைத்திருக்கலாம். ஆயினும் கொழும்பிலிருந்து பல மணிநேரப் பயணம் என்பதால், வாய் திறந்து மூச்சு வாங்கும் பாம்பை அவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாமா என்பதை முதலில் அருகிலுள்ள மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கொண்டுபோகும்போது மெல்லிய துணிப்பையில் இட்டுக் கட்டி, துளையுள்ள உறுதியான பெட்டிக்குள் வையுங்கள். காராயின் குளிரூட்டியைக் குறைத்துவிடுங்கள். முச்சக்கர வண்டியாயின் வெயிலும் மழைச்சாரலும் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மருத்துவர் ஒலியைக் கேட்டதோடு மருந்து எழுதிவிட மாட்டார். ஊடுகதிர்ப் படம், மூச்சுக்குழாயைக் கழுவி எடுக்கும் சளி மாதிரி, அந்த மாதிரியில் வளரும் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்னும் பரிசோதனை ஆகியவற்றைப் பரிந்துரைத்தால் செலவைக் கருதி மறுக்காதீர்கள். குருட்டுத்தனமாக மாற்றி மாற்றிக் கொடுக்கும் மருந்தே இறுதியில் கூடிய செலவு. பாம்பின் உடல் மருந்தை மெதுவாகவே கழிக்கும் என்பதால் செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்தை 72 மணிநேரத்துக்கு ஒருமுறை போடுவது வழக்கம். இடைவெளி நீண்டிருக்கிறதே என்று கூட்டிப் போடக் கூடாது. வீட்டில் ஊசி போடும் பொறுப்பு உங்களிடம் வந்தால், உடலின் முன் மூன்றிலொரு பகுதியில், முதுகெலும்பை ஒட்டிய தசையில், பக்கம் மாற்றி மாற்றிப் போடும் முறையை மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்துகாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். நீர்ச்சத்து குறைந்த பாம்புக்குச் சில மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்கிறதா என்பதைச் சொல்ல மறவாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பாம்புகள் உள்ள வீட்டில், நலமானவற்றை முதலிலும் நோயுற்றதை இறுதியிலும் கவனியுங்கள். கொக்கி, இடுக்கி, தண்ணீர்ப் பாத்திரம் எதையும் பொதுவில் வைக்க வேண்டாம். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது பாம்புக்காக மட்டுமன்று. ஊர்வன சல்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியைச் சுமப்பவை, வீட்டில் குழந்தைகளும் முதியோரும் இருப்பர்.

ஊசி தொடங்கி ஓரிரு வாரத்தில் ஒலி குறைந்து, பாம்பு இரையைத் தேடத் தொடங்கும். பலர் அந்த இடத்தில் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். பின்பகுதியில் திரண்ட சீழ் கரைய மேலும் வாரங்கள் செல்லும். ஒலி நின்றது முன்பகுதி தெளிந்ததற்கு மட்டுமே சான்று. மருத்துவர் சொன்ன முழுக்காலமும் மருந்தைத் தொடர்ந்து, மீண்டும் ஊடுகதிர்ப் படம் எடுத்து, நுரையீரல் தெளிந்ததாக அவர் சொன்ன பின்னரே முதல் இரையை, வழமையின் பாதி அளவில், கொடுங்கள். பழைய கொப்பியில் மூச்சு எண்ணிக்கையையும் நிறையையும் வாரந்தோறும் எழுதிவாருங்கள். நோய்க்கு முன்பிருந்த அளவைவிட நிறை பத்திலொரு பங்கு குறைந்தே நின்றால், ஒலி இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.